தலைவர் உரைக்கு ஏரி சொன்ன பதில்

தவளைகளும் சட்டசபை வைத்து ஆண்ட அந்தக் காலத்தில், ஒரு பெரிய ஏரியில் ஆண்டுக்கு ஒருமுறை தலைவர் உரை நடக்கும். ஆரம்பத்தில் தலைவர்கள் தாமே வந்து பேசினார்கள். பிறகு வந்த ஒருவருக்குக் கூச்சம். "உசந்த கல்லுல உக்காந்து பேசினா ராஜா மாதிரி இருக்கு" என்று உரையைத் தாமரை இலையில் கீறி நண்டிடம் கொடுத்துவிட்டார். அதுவே வழக்கமாகி, தலைவர் சபைக்குள் நுழைந்தால் பதவி போகும் என்று சட்டமும் வந்துவிட்டது.

நண்டு நல்ல ஆள்தான். ஆனால் நடந்துகொண்டேதான் வாசிக்கும், நடையோ பக்கவாட்டில். வாழ்த்து முடிவதற்குள் பாதி ஏரியைத் தாண்டிவிடும். உறுப்பினர்கள் கண்ணை மூடிக் கிடந்து, சத்தம் ஓய்ந்ததும் "சம்மதம்" என்பார்கள்.

வரியன் என்ற தவளை தலைவரான ஆண்டு பங்குனியிலேயே வெயில் கொளுத்தியது. தண்ணீர் நாளுக்கு நாள் இறங்குவதை அவர் பார்த்தார். ஏரி வற்றப்போகிறது, சேறு இளகியிருக்கும்போதே எல்லோரும் ஆழமாகப் புதைந்துகொண்டால்தான் பிழைக்கலாம். இதைத்தான் உரையின் கடைசியில் எழுதி அனுப்பினார்.

"சபையில என்ன சொன்னாங்க?" என்று திரும்பி வந்த நண்டிடம் கேட்டார்.

"சம்மதம்னுட்டாங்க, தலைவரே."

"அப்போ பொதையப் போறாங்களா?"

நண்டு கண்ணைத் தாழ்த்திக்கொண்டது. "அந்த எடம் வர்றப்போ நான் அக்கரைக்குப் போயிட்டேனுங்க. அதக் கேட்டது ஒரு கொக்கு மட்டும்தான்."

வரியனுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் வந்தது. சபைக்குப் போனால் பதவி போகும். போகாவிட்டால் இனமே போகும். நேராகச் சபைக்குள் தாவி அந்த உயர்ந்த கல்லின்மேல் ஏறிவிட்டார்.

"தலைவர் உள்ள வரக் கூடாது! சட்டம் மறந்துபோச்சா?" என்று மூத்த உறுப்பினர் மடுவன் கத்தினார்.

வரியன் கூட்டத்தில் பேசியதே இல்லை. குரல் எழவில்லை. தொண்டை பந்தாக உப்பும்வரை மூச்சை இழுத்தார். "பதவிய எடுத்துக்கோங்க! உசிரக் காப்பாத்திக்கோங்க! ஏரி வத்தப்போகுது, இப்பவே பொதைங்க!"

கரகரத்த குரல், அதில் நடுக்கம் வேறு. ஆனாலும் எவ்வளவு பெரிய மனசு அது! அந்த நடுக்கத்தை எந்த இலையில் கீறிக் காட்ட முடியும்? தூங்கிக்கிடந்தவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டார்கள். மடுவனே முதல் ஆளாகச் சேற்றுக்குள் இறங்கினார்.

கோடையில் ஏரி பாளம் பாளமாக வெடித்தது. கொக்கு வந்து வந்து ஏமாந்து போனது.

முதல் மழை பெய்த மாலையில் வரியன் சேற்றைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தார். பதவி போனது அவர் நினைவிலேயே இல்லை. யார் பிழைத்தார்கள், யார் போனார்கள் என்று தெரியாமல் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"நான் இருக்கேன்! நீங்க இருக்கீங்களா?"

பதில் இல்லை. மறுபடியும் தொண்டை உப்பக் கூப்பிட்டார். சேறு அசைந்தது.

"இருக்கோம், தலைவரே! இருக்கோம்!" என்றார் மடுவன். உடனே ஏரி முழுவதும் அதையே கத்தியது.

அன்றிலிருந்துதான் தவளைகள் உரையை இலையில் எழுதுவதில்லை. புதுமழை பெய்ததும் ஒரு தவளை முதலில் தனியாகக் குரல் கொடுக்கிறது. சற்றுப் பொறுத்து, ஏரியே பதில் சொல்கிறது.