முக்கில் நிற்பவர்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தொன்று. தாங்கள் குருவும் சீடரும் என்று இருவருமே சொல்லிக்கொண்டதில்லை. யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

குருவின் பெயர் ஆக்னஸ், திண்டுக்கல்காரர். மோட்டார் சைக்கிளில் மலை ஏற ஆசைப்படுகிறவர்களைக் கூட்டமாக அழைத்துப்போவது அவர் தொழில். கூட வருகிறவர்கள் அவரைக் கேப்டன் என்பார்கள்.

சீடர் தணிகைவேல். மருந்துக் கம்பெனி பிரதிநிதியாக இருபத்தாறு வருடம் பைக்கிலேயே அலைந்தவர். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தார். காலை பதினோரு மணிக்கு லுங்கியோடு வாசலில் நிற்கும் ஆம்பளையைத் தெரு எப்படிப் பார்க்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. கைவசம் இருந்த ஒரே வித்தை வண்டி ஓட்டுவது. அதை எடுத்துக்கொண்டு ஆக்னஸிடம் வந்தார்.

"ஒரு ட்ரிப் கூட வாங்கண்ணே. சரியா அமைஞ்சா அடுத்த குழுவுக்கு நீங்களே முன்னால போகலாம்" என்றார் ஆக்னஸ்.

முன்னால் போவது. அதை நினைத்து நினைத்தே தணிகைவேலுக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை.

ஜவ்வாது மலைக்கு மூன்று நாள் பயணம். பன்னிரண்டு வண்டிகள். வேலூரைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஆக்னஸ் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்துப் பேசினார்.

"இது ரேஸ் இல்ல. என்னை யாரும் முந்த வேண்டாம். லக்கேஜ் வேன்ல முன்னாடியே போயிடும். மணிக்கு ஒரு தடவை நிறுத்துவோம். டீக்காக இல்ல, உங்க முதுகுக்காக. பசிச்சா சொல்லுங்க, பயமா இருந்தாலும் சொல்லுங்க. ரெண்டுக்கும் வெட்கப்பட வேண்டாம்."

"வழி தவறிட்டா கேப்டன்?" என்று ஒரு பெண் கேட்டார். பெயர் பிரபாவதி. தபால் ஆபீஸில் வேலை. நாற்பத்து நாலு வயதில் பைக் கற்றுக்கொண்டவர், மலை ஏறுவது இதுதான் முதல் தடவை.

"தவற மாட்டீங்க. ரோடு பிரியற இடத்துல, எனக்கு அடுத்து வர்றவரை நிறுத்திட்டுப் போவேன். அவர் அந்த முக்குலயே நின்னு எல்லாருக்கும் கை காட்டுவார். கடைசி வண்டி நம்ம மெக்கானிக் சேது, ஆரஞ்சு கோட்டு போட்டிருப்பார். சேது வந்து தலையாட்டினதுக்கு அப்புறம்தான் முக்குல நிக்கிறவர் கிளம்பணும்."

"முக்குல யாருமே இல்லேன்னா?"

"இல்லேன்னா திரும்ப வேண்டாம்னு அர்த்தம். நேரா வந்துக்கிட்டே இருங்க."

பிரபாவதி அதை உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வண்டிகள் கிளம்புவதற்கு முன் தணிகைவேல் ஆக்னஸின் பக்கத்தில் போய் நின்றார்.

"கேப்டன், ஒண்ணு கேக்கணும். முன்னால போறவங்களுக்கு முக்கியமா என்ன தெரிஞ்சிருக்கணும்?"

"இன்னிக்கு முக்குல நில்லுங்கண்ணே."

"அது சரி. அதுக்கு மேல?"

"நின்னு பாருங்க."

தணிகைவேலுக்குச் சுருக்கென்றது. டாக்டர்கள் அறை வாசலில் இருபத்தாறு வருடம் நின்றவனுக்கு நிற்பதற்குப் பாடமா என்று நினைத்துக்கொண்டார். வெளியே சிரித்து வைத்தார்.

பகல் முழுவதும் நன்றாகத்தான் போயிற்று. புளியமரச் சாலை, அப்புறம் வளைவுகள், அப்புறம் குளிர்ந்த காற்று. பிரபாவதி மெதுவாக வந்தார், ஆனால் விடாமல் வந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கூட்டு ரோடு வந்தது. நேர் ரோடு இறக்கத்தில் போனது. வலது ரோடு மேட்டில் ஏறியது. தங்கப்போகிற விடுதி வலது பக்கம், இன்னும் ஒன்பது கிலோமீட்டர்.

ஆக்னஸ் கையை நீட்டித் தரையைக் காட்டினார். அவருக்கு அடுத்து வந்துகொண்டிருந்த தணிகைவேல் வண்டியை ஓரங்கட்டினார்.

ஏழு வண்டிகள் வந்தன. ஏழுக்கும் கை காட்டினார். இன்னும் மூன்று வர வேண்டும்.

பத்து நிமிடம் ஆயிற்று. தூறல் விழுந்தது. இருபது நிமிடம் ஆயிற்று. தூறல் மழையாகிவிட்டது. போனை எடுத்தார், டவர் இல்லை. மேலே போனவர்கள் இந்நேரம் துண்டால் தலை துவட்டிக்கொண்டு சூடாக ஏதாவது குடிப்பார்கள். கேப்டனைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். தான் மட்டும் இங்கே மைல்கல்லுக்குத் துணையாக நிற்கிறோம் என்று தோன்றியது.

'பின்னாடி ஏதோ ரிப்பேர் போல. மெக்கானிக்தான் கூடவே இருக்கானே. இதைக் கேப்டன்கிட்ட போய்ச் சொல்ல வேண்டாமா?' என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். நனைகிற மனிதனுக்கு நியாயம் சீக்கிரம் கிடைத்துவிடும். கிளம்பிவிட்டார்.

விடுதி வாசலில் ஆக்னஸ் மட்டும் ரெயின்கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். கடைசி ஆள் வரும்வரை உள்ளே போகாதது அவர் வழக்கம். மற்ற ஏழு பேரும் அறைகளில் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சேது வந்தாச்சா?"

"இல்ல கேப்டன். மூணு பேர் வரல. ரிப்பேரா இருக்கும்னு உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன்."

"அப்ப முக்குல யாரு நிக்கிறா?"

தணிகைவேல் ஹெல்மெட்டைக் கழற்றப் போன கையைக் கீழே இறக்கினார்.

கால் மணி நேரத்தில் சேது வந்தார். கூட ஒரு வண்டிதான் வந்தது.

"இவருக்குக் கிளட்ச் கேபிள் அறுந்துபோச்சு, மாத்திட்டு வர்றேன். பிரபா மேடத்த முன்னாடியே அனுப்பிட்டேனே. வரலையா?" என்றார் சேது.

கேபிள் அறுந்தவர் குளிரில் நடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மூன்று பேர் மழையில் நின்றார்கள்.

"இறக்கத்துல போயிருப்பாங்க. கீழ நாலஞ்சு ஊர், எல்லாம் மண் ரோடு" என்றார் சேது.

"நான் போய்த் தேடறேன்" என்றார் தணிகைவேல். "என்னால வந்தது. எந்த மண் ரோடா இருந்தாலும் ஓட்டிடுவேன்."

"சேதுவும் நானும் தேடறோம். நீங்க முக்குல நில்லுங்க."

"சும்மா நின்னா என்ன ஆகும் கேப்டன்?"

"நில்லுங்கண்ணே."

நின்றார். இண்டிகேட்டர் இரண்டையும் எரியவிட்டு, ஒன்றே கால் மணி நேரம் நின்றார். சேது இறக்கத்தில் இறங்கிப் போனார், அவர் பின்னால் ஆக்னஸ் போனார். எங்கோ ஒரு வளைவில் அந்தப் பெண் விழுந்து கிடப்பதுபோல் மனதில் படம் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை வண்டியை ஸ்டார்ட் செய்தார். இரண்டு தடவையும் அணைத்தார். வாழ்க்கையில் அவ்வளவு பயந்து அவர் எங்கேயும் நின்றதில்லை.

வெளிச்சம் குறைய ஆரம்பித்தபோது ஒரு விளக்கு வந்தது. இறக்கத்திலிருந்து இல்லை. முதலில் எல்லோரும் வந்த ரோட்டிலிருந்தே வந்தது. பிரபாவதிதான். முழங்கால் வரை சேறு.

சாமைக் காட்டில் வேலை செய்த பெண்கள் குறுக்கு வழியாக அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அது மெயின் ரோட்டில் கூட்டு ரோட்டுக்குக் கீழே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

"ஊருக்கே இறங்கிடலாம்னுதான் சார் இருந்தேன். இந்தப் பக்கம் ஏதோ மின்னி மின்னித் தெரிஞ்சுது. அதான் ஏறி வந்தேன்" என்றார். மூச்சு வாங்கியது. பிறகு அவருடைய நனைந்த சட்டையைப் பார்த்தார். "ஐயையோ, அப்போலருந்து எனக்காக இங்கயேவா நின்னீங்க? ஹெல்மெட் கண்ணாடி பூரா மழை. யாரும் இல்லைன்னு நினைச்சு நேரா போயிட்டேன். உங்களக் கவனிக்கவே இல்ல. மன்னிச்சுடுங்க சார்."

தணிகைவேல் வாயைத் திறந்தார். "பரவால்லைங்க" என்ற சொல்தான் வந்தது.

விடுதியில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து கொள்ளு ரசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். சேதுவும் ஆக்னஸும், முக்கில் தணிகைவேல் சொல்லித் தெரிந்துகொண்டு, அப்போதுதான் திரும்பி வந்து கை கழுவியிருந்தார்கள். பிரபாவதி நடந்ததையெல்லாம் சொன்னார். அவர் கதையில் தணிகைவேல் ரெண்டு மணி நேரத்துக்கும் மேல் அசையாமல் நின்றவராக இருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"அடுத்த கேப்டன் ரெடி" என்றார் ஒருவர்.

எட்டு மாதமாக யாரும் அவரைப் பார்த்து அப்படி எதுவும் சொல்லவில்லை. இனித்தது. அதுதான் கொடுமை. ரசத்தை அப்படியே கீழே வைத்தார்.

"நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன் கேப்டன்" என்றார் பிரபாவதி. "என் வண்டிய நாளைக்கு வேன்ல ஏத்திடுங்க. நான் பஸ்ல போயிடறேன். இவ்வளவு பெரிய மனுஷன் விளக்கப் போட்டுட்டு நின்னுருக்கார், அதுகூட என் கண்ணுல படல. எனக்கு இதெல்லாம் ஒத்து வராது. உங்க எல்லாருக்கும் கஷ்டம்."

சேது தரையைப் பார்த்தார். தணிகைவேல் ஆக்னஸைப் பார்த்தார். ஆக்னஸ் டம்ளரில் மிஞ்சியிருந்த மிளகைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தது. திட்டினால்கூடப் போதும்.

தணிகைவேல் எழுந்து நின்றார்.

"மேடம், நீங்க வந்தப்ப நான் அங்க இல்ல."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"முதல்ல இருபது நிமிஷம் நின்னேன். மழை வந்துச்சு. விட்டுட்டு மேல வந்துட்டேன். அதுக்கப்புறம்தான் நீங்க வந்திருக்கீங்க. கேப்டன் திருப்பி அனுப்பினதால மறுபடி போய் நின்னேன். நீங்க நன்றி சொன்னப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல."

பிரபாவதி அவரை நிதானமாகப் பார்த்தார். முகத்தில் கோபம் வந்தது. சேற்றில் வண்டியைத் தள்ளியது, ஆள் அரவமே இல்லாத இறக்கத்தில் அழுதது, எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. தணிகைவேல் அதை வாங்கிக்கொண்டு நின்றார்.

"அப்ப முக்குல ஆள் இல்ல" என்றார் பிரபாவதி.

"இல்லைங்க."

"ஆள் இல்லேன்னா நேரா போகணும். நான் நேராத்தான் போயிருக்கேன்."

"ஆமாங்க. நீங்க சரியாத்தான் போனீங்க."

பிரபாவதி டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

"கேப்டன், என் வண்டிய வேன்ல ஏத்த வேண்டாம்" என்றார்.

காலையில் மழை விட்டிருந்தது. தணிகைவேல் தன் பையைக் கட்டி எடுத்துக்கொண்டு ஆக்னஸிடம் வந்தார். முகம் வாடியிருந்தது, ஆனால் நேராக நின்றார்.

"நான் இன்னிக்குக் கடைசியில வர்றேன் கேப்டன். ட்ரிப்ப முடிச்சிட்டு வீட்டுக்குப் போறேன். நீங்க வேற ஆள் பார்த்துக்குங்க."

ஆக்னஸ் தன் வண்டியின் ஹாண்டிலில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தார். முதல் வண்டிக்கு அடையாளம் அதுதான். அதைத் தணிகைவேலின் வண்டியில் கட்டினார்.

"இன்னிக்கு நீங்க முன்னால போங்க. நான் உங்களுக்கு அடுத்து வர்றேன். நீங்க காட்டற முக்குல நான் நிக்கிறேன்."

தணிகைவேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை.

"ஒரு முக்குல நிக்கத் தெரியாம பொறுப்ப விட்டுட்டு வந்தவன் நான். அதையும் ராத்திரி வரைக்கும் மறைச்சவன். என்னை நம்பி இத்தனை பேரை எப்படி விடறீங்க?"

பின்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. பிரபாவதியின் வண்டி மூன்றாவதாக நின்றது. ஆக்னஸ் ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டினார்.

"ஆறு வருஷமா நான் முன்னால போறேன். எத்தனையோ தடவை வழி தப்பியிருக்கேன். பின்னால வர்றவங்களுக்கு அது தெரியவே தெரியாதுண்ணே. நானா வண்டிய நிறுத்திச் சொன்னாத்தான் உண்டு."