எண்ணெய் தேய்த்துக் குளித்த அடுப்பு

மரத்தைத் தின்னும், கரையான் இல்லை. புகையை விடும், சுருட்டுப் பிடிப்பவர் இல்லை. வயிற்றுக்குள் திருகாணி சுற்றும், பொம்மை இல்லை. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

தெரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். சுண்டவிளை என்ற ஊரில், அதைத் தங்கள் வீட்டு முற்றத்திலேயே வைத்திருந்த மூன்று பேருக்கும் அது தெரியாது.

அது ஒரு பெல்லட் அடுப்பு. பார்ப்பதற்கு ஒரு இரும்புப் பீப்பாயைப் படுக்கப்போட்டு நான்கு கால் வைத்தது போல இருக்கும். இரண்டு காலில் சக்கரம் உண்டு. ஒரு பக்கம் சாமான் வைக்கப் பலகை, மறுபக்கம் மூடி போட்ட ஒரு தொட்டி. மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னச் சின்னக் குச்சிகளை அந்தத் தொட்டியில் கொட்ட வேண்டும். பார்த்தால் கோழித் தீவனம் என்றே நினைப்பீர்கள். பட்டனை அமுக்கினால் உள்ளே ஒரு திருகு சுற்றி, குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்குள் தள்ளிவிடும். மேலே கம்பியில் கோழியை வைத்துவிட்டு நாம் வேறு வேலை பார்க்கலாம்.

கப்பலில் சமையல்காரராக இருந்த பிச்சையா அதை ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிக் கொண்டுவந்தார். அவர் மனைவி உலகம்மாள். உலகம்மாளுக்கு மூன்று தம்பிகள். மூத்தவன் ஆவுடையப்பன், அடுத்தவன் சொரிமுத்து, கடைசி தளவாய். நம் கதை ஆவுடையப்பனுடையது. அவனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அக்காள் மகள் செண்பகத்துக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை காது குத்துகிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடி தன் மடியாக இருக்க வேண்டும்.

மூத்த மாமன் மடிதானே, இதில் ஆசைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. செண்பகத்துக்குப் பெயர் வைத்த அன்று, "பிள்ளை காதுல பேரை மூணு தடவை சொல்லுலே" என்று ஆவுடையப்பனிடம் சொன்னார்கள். அவன் குனிந்து, பிள்ளையின் காதில், "ஆவுடையப்பன், ஆவுடையப்பன், ஆவுடையப்பன்" என்று தெளிவாகச் சொன்னான். இன்றைக்கும் தெருவில் யாராவது "ஏ ஆவுடையப்பா" என்று கூப்பிட்டால் செண்பகம் திரும்பிப் பார்ப்பாள்.

அதனால் உலகம்மாள் இந்த முறை ஒரு ஏற்பாடு செய்தாள்.

"விருந்துக்கு அந்த அடுப்புலதான் கோழி சுடணும்னு உங்க அத்தான் ஒத்தக்கால்ல நிக்காரு. அடுப்பு கிடக்க கிடையைப் பாத்தா வாயில வைக்க விளங்காது. இன்னைக்குக் காலையில சுட்ட மீனு ஒரே கசப்பு. நாங்க சொந்தக்காரங்களுக்குச் சொல்லிட்டு வாரதுக்குள்ள, எவன் அதை ஒழுங்காச் சுத்தம் பண்ணி வைக்கானோ, அவன் மடியிலதான் பிள்ளை உக்காரும். மூணு பேரும் கெடுத்தியன்னா, தலையணையில உக்கார வச்சுக் குத்திருவேன்."

பிறகு பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே சொன்னாள்: "அடுப்பு சூடா இருக்கு. முதல்ல நல்லா ஆறட்டும். பொறவு சாம்பலை எடுத்துருங்க. கொழுப்பு ஏறிக் கிடக்கு, அதைச் சுத்தமா எடுங்க. எண்ணெய் தேய்ச்சு வைங்க. குச்சியில ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது. துருப் பிடிக்காமப் பாத்துக்கிடுங்க. எல்லாம் முடிஞ்சதும் வெறும் அடுப்பைக் கொஞ்சம் எரிய விட்டு, நல்லாப் பழக்கி வைங்க."

பஸ் போய்விட்டது. மூவரும் வீட்டுக்கு வந்து அடுப்பின் முன் உட்கார்ந்தார்கள்.

"ஆறட்டும்னு அக்கா சொல்லிச்சே, எப்படிண்ணே ஆறும்?" என்றான் தளவாய்.

"நாமதான் ஆறுதல் சொல்லணும்," என்றான் ஆவுடையப்பன். "துக்கத்துல இருக்கவங்க தானா எப்படி ஆறுவாங்க?"

"இதுக்கு என்ன துக்கம்?"

"பிறந்த ஊரை விட்டுக் கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்துட்டாங்க. பேச்சுத் துணைக்கு ஒரு அடுப்பு கிடையாது. உனக்கு அப்படி நடந்தா நீ சிரிப்பியா?"

சொரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூவரும் மாறி மாறி ஆறுதல் சொன்னார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். சுண்டவிளையும் நல்ல ஊர்தான், தண்ணீர்க் கஷ்டம் மட்டும் கொஞ்சம் உண்டு என்றார்கள். தளவாய் உருக்கம் தாங்காமல் அதன் முதுகைத் தடவிக் கொடுத்தான். உடனே கையை உதறிக்கொண்டு வாளித் தண்ணீரில் முக்கினான்.

"இன்னும் ஆறலைண்ணே," என்றான்.

சாயங்காலம் தொட்டுப் பார்த்தபோது அடுப்பு ஜில்லென்று இருந்தது. பேச்சுக்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று ஆவுடையப்பனே எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை, சாம்பல். ஆவுடையப்பன் குளித்து, ஈர வேட்டியோடு வந்து, ஒரு புது மண்கலயத்தில் சாம்பலை அள்ளி, கலயத்தின் வாயைத் துணியால் கட்டினான்.

"சாம்பலை எடுத்தாச்சு. குளத்துல கரைக்கணும். ஆனா ஒண்ணு. கொள்ளி வச்சவன்லா மொட்டை போடணும்?"

"யாருக்குண்ணே கொள்ளி வச்சோம்?" என்றான் சொரிமுத்து.

"போன மாசம் பூரா இதுக்குள்ள போன கோழிகளுக்கு. மீனுக்கும்தான். பட்டனை அமுக்கினது யாரு?"

மூவரும் யோசித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆசையாக ஓடிப்போய்ப் பட்டனை அமுக்கியது ஆவுடையப்பன்தான். அவன் மறுக்கவில்லை. நேராக முடிதிருத்தும் கடைக்குப் போய் உட்கார்ந்தான்.

"யாருப்பா தவறிட்டாங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"கோழி," என்றான் ஆவுடையப்பன்.

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். சிறிது நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துச் சிரைத்துவிட்டார்.

சாம்பலைக் குளத்தில் கரைத்தார்கள். காக்காய்க்குச் சோறு வைக்கலாம் என்றான் தளவாய். கோழிக்குக் காக்காய் என்ன சொந்தம் என்று கேட்டான் சொரிமுத்து. அது நியாயமாகப் பட்டதால், பக்கத்து வீட்டுக் கோழிகளைக் கூப்பிட்டு இலை போட்டுப் பரிமாறினார்கள்.

அடுத்தது கொழுப்பு.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றான் சொரிமுத்து. "வெளிநாட்டுச் சாமான்லா. நேத்து அவ்வளவு ஆறுதல் சொன்னோமே, ஒரு வார்த்தை பதில் பேசிச்சா? அவ்வளவு கொழுப்பு. நல்லாத் திட்டினாத்தான் இறங்கும்."

"திட்டினா மறுபடி துக்கம் வந்துருமே. பொறவு முதல்ல இருந்து ஆறணுமே," என்றான் ஆவுடையப்பன்.

இது கடினமான கேள்வி. நிறைய யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சொரிமுத்து தொட்டிப் பக்கம் நின்று திட்டினான். ஆவுடையப்பன் பலகைப் பக்கம் நின்று, "அவன் கிடக்கான், நீ மனசுல வச்சிக்காதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். உள்ளே கம்பிகளில் மீன் கொழுப்பு விரல் கனத்துக்கு அப்படியே உறைந்திருந்தது. அதை யாரும் தொடவில்லை.

"எண்ணெய் தேய்ச்சு வைங்கன்னு அக்கா சொல்லிச்சே, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

"வியாழன்," என்றான் தளவாய். "வியாழக்கிழமை எண்ணெய் தேய்ச்சா ஆம்பளைக்கும் ஆகாது, பொம்பளைக்கும் ஆகாது."

"இது ஆம்பளையா?"

"இல்லை."

"பொம்பளையா?"

"இல்லை."

"அப்ப ஆகும்," என்றான் ஆவுடையப்பன். நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்து வந்தான்.

உச்சியில் இருந்து சக்கரம் வரை தேய்த்தார்கள். எண்ணெய் தேய்த்தவர்களை அப்படியே விட முடியுமா? ஊற வைத்து, வெந்நீர் போட்டு, சீயக்காய் கரைத்தார்கள். அப்போதுதான் ஆவுடையப்பனுக்கு அக்காள் சொன்னது ஞாபகம் வந்தது.

"லே, குச்சியில ஒரு சொட்டு ஈரம் படக்கூடாதுன்னு சொல்லிச்சே."

அவர்களுக்குத் தெரிந்த குச்சி தீக்குச்சிதான். தளவாய் தீப்பெட்டியை மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, பரண் மேல் வைத்து, அதன் மேல் குடையையும் விரித்து வைத்தான். பிறகு மூவரும் தைரியமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தலைக்குத்தான் முதலில் ஊற்ற வேண்டும். அடுப்பிலேயே உயரமான இடம் தொட்டி. மூடியைத் திறந்து வாளி வாளியாக ஊற்றினார்கள்.

தொட்டிக்குள் இருந்த மரக்குச்சிகள் முறுமுறுவென்று ஒரு சத்தம் போட்டு, ஊறி, உப்பி, விளிம்பு வரை எழும்பி வந்தன.

"நம்ம தலையில பொடுகு வருமே, அது மாதிரி," என்று விளக்கினான் சொரிமுத்து. இன்னும் கொஞ்சம் சீயக்காய் போட்டான்.

துவட்டி, சாம்பிராணி காட்டினார்கள். குளித்தவர் உடுத்தாமல் இருக்கக்கூடாது என்று ஆவுடையப்பன் காதுகுத்துக்கென்று வைத்திருந்த தன் புது வேட்டியை எடுத்துக் கட்டிவிட்டான். தோளில் ஒரு துண்டும் போட்டான். எரிய விடச் சொன்னாளே என்று தளவாய் நினைவுபடுத்தினான். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று உடம்புக்குச் சூடு ஆகாது என்று ஆவுடையப்பன் சொல்லிவிட்டான்.

"பகல்ல தூங்கவும் கூடாது," என்றான் சொரிமுத்து. "எண்ணெய்க் குளியல் ஆச்சே. இது எந்நேரமும் படுத்தே கிடக்கு."

"நடத்திக் கூட்டிட்டுப் போவோம். பழக்கி வைக்கவும் சொல்லியிருக்குல்லா? ஆளுங்களோட பழகினாத்தானே ஆச்சு," என்றான் ஆவுடையப்பன்.

இரும்புச் சட்டியை எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்குவதை அவர்கள் ஆயுளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்கள். ஆனால் கன்றுக்குட்டியைப் பழக்குவதையும் பார்த்திருக்கிறார்களே. கழுத்து எது என்று தேடி, கைப்பிடியில் கயிறு கட்டினார்கள். ஆவுடையப்பன் முன்னால் இழுத்தான். தளவாய் பின்னால் தள்ளினான். சொரிமுத்து கையில் கம்போடு பக்கத்தில் நடந்தான். துரு வந்து பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு.

"துருங்கறது யாருண்ணே?" என்று கேட்டான் சொரிமுத்து. "துரைன்னு மேலத்தெருவுல ஒருத்தர் இருக்காரு. அவரா?"

"அவரு நல்ல மனுசன். யாரையும் பிடிக்க மாட்டாரு. எதுக்கும் அவரு மேலயும் ஒரு கண்ணு வச்சுக்க."

தபால்காரரிடம் நிறுத்தி, "இது எங்க வீட்டு அடுப்பு. இவரு தபால்காரரு" என்று இரண்டு பேரையும் அறிமுகப்படுத்தினார்கள். தபால்காரர் அடுப்பின் வேட்டியைப் பார்த்தார், பிறகு ஆவுடையப்பனின் மொட்டையைப் பார்த்தார். துக்க வீடு என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

சரிவில் இறங்கும்போது கயிறு நழுவியது. அடுப்பு துண்டு பறக்கத் தனியாக ஓடியது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் கிளாசோடு எழுந்து விலகினார்கள். அடுப்பு பெஞ்சில் போய் முட்டி, அவர்கள் இருந்த இடத்தில் நின்றுகொண்டது.

"பாத்தியளா?" என்றான் தளவாய். "ஒரே நாள்ல டீக்கடைக்குத் தானாப் போகப் பழகிட்டு."

ஆவுடையப்பனுக்கு மனம் நிறைந்துவிட்டது. மடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உலகம்மாள் பிள்ளையோடும் பிச்சையாவோடும் வந்து இறங்கினாள். முற்றத்தில் வேட்டி கட்டி யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்து, "வாங்க" என்றாள். பக்கத்தில் போன பிறகுதான் அது அடுப்பு என்று தெரிந்தது.

பிச்சையா பட்டனை அமுக்கினார். உள்ளே திருகு ஒரு முனகல் முனகியது. அவ்வளவுதான், நின்றுவிட்டது. தொட்டியைத் திறந்தார். மரத்தூள் குழைந்து, சீயக்காய் வாசத்தோடு, பொங்கல் போல இறுகிக் கிடந்தது. பீப்பாயைத் திறந்தார். மீன் வாசம் வந்தது. விருந்துக்கு வந்த சமையல்காரர் மசாலா தடவிய கோழிகள் அண்டாவில் காத்திருந்தன.

"என்னலே பண்ணினிய?" என்றாள் உலகம்மாள்.

ஆவுடையப்பன் ஒன்றுவிடாமல் சொன்னான். ஆறுதல் சொன்னது, மொட்டை போட்டது, திட்டினது, குளிப்பாட்டினது, டீக்கடைக்குப் போனது. "துரு மட்டும் வரவே இல்லைக்கா," என்று முடித்தான்.

பிச்சையா அண்டாவைத் தூக்கிக்கொண்டு, குழம்பாவது வைக்கச் சொல்லலாம் என்று சமையல்காரரிடம் போனார். உலகம்மாள் உள்ளே போய்த் தலையணையை எடுத்து வந்தாள்.

"அக்கா, ஆறுதல் சொன்னது பூரா நான்தான்," என்றான் ஆவுடையப்பன். "மொட்டையும் நான்தான் போட்டேன்."

"குச்சியைக் காப்பாத்தினது நான்," என்றான் தளவாய். பரணில் இருந்து தீப்பெட்டியை எடுத்து வந்து ஒன்றை உரசிக் காட்டினான். உடனே பற்றிக்கொண்டது.

"ராத்திரி பகலா காவல் இருந்தது யாரு?" என்றான் சொரிமுத்து.

இந்த நேரத்தில் காது குத்தும் ஆசாரி ஊசியோடு வந்துவிட்டார். வயதானவர், கண்ணாடியையும் வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். மங்கலாகத் தெரிந்த ஆட்களை எண்ணினார்.

"நல்ல நேரம் போகுதும்மா. நாலு மாமன்மார்ல பிள்ளைக்கு எந்த மாமன் மடி?"

"மாமன் மூணு பேருதான் ஆசாரியாரே," என்றாள் உலகம்மாள்.

"எண்ணத் தெரியாதா எனக்கு? அந்தா ஓரத்துல ஒருத்தர் அமைதியா நிக்காருல்லா, தோள்ல துண்டு போட்டுக்கிட்டு."

"அவரு வெளியூரு," என்றான் ஆவுடையப்பன். "இப்பதான் பழகுதாரு."

உலகம்மாள் தலையணையைக் கீழே போட்டாள். "பிள்ளையே சொல்லட்டும்," என்றாள்.

மூன்று பேரும் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன் மடியில் இல்லாத தூசியைத் தட்டினான். செண்பகம் மூன்று மடிகளையும் பார்த்தாள். ஊசியையும் பார்த்தாள்.

"பேசாத மாமா," என்றாள். அடுப்பின் பக்கப் பலகையில் ஏறி உட்கார்ந்தாள்.