கல்மேடு வரை வந்த நரி

பொன்னாத்தாள் என்ற முயலுக்குக் கெடுதல் செய்தது நரி மட்டும் இல்லை. ஆள்காட்டிக் குருவியும்தான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கருவேலங்காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. சுற்று வட்டாரத்தில் தண்ணீர் அங்கே மட்டும்தான். அதனால் விலங்குகள் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தன. குளத்துப் பக்கம் யாரும் யார் மேலும் பாயக் கூடாது. பாய்ந்தால், கரையில் காவல் நிற்கும் ஆள்காட்டி கூவ வேண்டும். கூவல் கேட்டதும் எருமைகள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு ஓடி வரும். பாய்ந்தவனுக்கு அப்புறம் அந்தக் குளத்தில் தண்ணீர் கிடையாது.

பொன்னாத்தாள் குட்டி போட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. இரண்டு குட்டிகள். தாய் முயல் குட்டிகளோடு படுக்காது. புல்லுக்குள் அவற்றை மறைத்துவிட்டுத் தள்ளியே இருக்கும். அந்தியில் ஒரு தடவை போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடும். குட்டிகள் கிடக்கும் இடம் வேறு யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் குட்டிகள் மிஞ்சாது.

அன்று அந்தியில் அவள் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினாள். பின்னால் சருகு நொறுங்கியது. திரும்பினாள். சடையன் என்ற நரி நின்றுகொண்டிருந்தான்.

"பயப்படாதே தங்கச்சி! சும்மா வர்றேன்!"

"எங்கே?"

"நீ போற பக்கம்தான்!"

பொன்னாத்தாள் குட்டிகள் பக்கம் போகவில்லை. எதிர்த் திசையில் ஓடி, காட்டை ஒரு சுற்றுச் சுற்றி, நரி சலித்துப் போன பிறகே பால் கொடுக்கப் போனாள்.

மறுநாள் காலை அவள் படுக்கும் இடத்தில் நான்கு இலந்தைப் பழங்கள் கிடந்தன. அவற்றைச் சுற்றி நரியின் கால் தடம். அன்று அந்தியிலும் அவன் பின்னால் வந்தான். எத்தனை சுற்றுச் சுற்றியும் விடவில்லை. குட்டிகளுக்கு அன்று பால் இல்லை.

விடிந்ததும் அவள் ஆள்காட்டியிடம் போனாள்.

"குருவி அண்ணே! சடையன் ரெண்டு நாளா என் பின்னாலேயே வர்றான். கூவுங்க!"

"பாய்ஞ்சானா?"

"இல்லை."

"கடிச்சானா?"

"இல்லை. ஆனா நான் படுக்கிற இடம் வரைக்கும் வந்து பழம் வச்சிட்டுப் போயிருக்கான்!"

ஆள்காட்டி நீண்ட காலை மாற்றி வைத்துக்கொண்டு சிரித்தது.

"பழமா! பிரியமா இருக்கான்னு சந்தோஷப்படு. வழி எல்லாருக்கும் பொதுதானே அம்மா!"

தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்த நீர்க்கோழிகள் இரண்டும் சேர்ந்துகொண்டன.

"காட்டுல எல்லாரும் தன்னையே பார்க்கிறதா இவளுக்கு நினைப்பு!"

"நான் கூவினா எருமைங்க எழுந்து ஓடி வரணும்" என்றது ஆள்காட்டி. "வந்து பார்த்து ஒண்ணும் இல்லேன்னா என்னைத்தான் திட்டும். அவன் பாயட்டும். அப்ப கூவுறேன்!"

"பாய்ஞ்ச அப்புறம் நான் உயிரோட இருந்தா வந்து நன்றி சொல்றேன்!" என்று சொல்லிவிட்டுப் பொன்னாத்தாள் போய்விட்டாள்.

அன்று அந்தியிலும் நரி விடவில்லை. அவளுக்குப் பால் கட்டி மடி கல்லாகிவிட்டது. குட்டிகள் எங்கேயோ புல்லுக்குள் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். போனால் நரிக்கு வழி காட்டியது போல. போகாவிட்டால் பட்டினி.

இரவெல்லாம் யோசித்தாள். குளத்துக்கு வந்தால் தண்ணீர் குடிக்க வந்தேன் என்பான். புதருக்கு வந்தால் எலி பிடிக்க வந்தேன் என்பான். நரிக்கு ஒரு வேலையும் இல்லாத இடத்துக்கு நாம் போனால்?

காலையில் அவள் கல்மேட்டுக்குப் போனாள். அங்கே நிழல் இல்லை, புல் இல்லை, எலியும் இல்லை. ஒரு உடும்பு மட்டும் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் சடையன் வந்து சேர்ந்தான்.

"உடும்பு அண்ணே, யாரு வந்திருக்கான்னு பார்த்துக்கோங்க!" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். அங்கிருந்து முள்ளம்பன்றி குடியிருக்கும் கள்ளி வேலிக்கு ஓடினாள். உள்ளே நுழைந்தால் உடம்பெல்லாம் முள் ஏறும் இடம் அது. அங்கேயும் வந்தான்.

இனி அவனால் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. உச்சி வெயிலில் எல்லா விலங்குகளும் குளத்தில் இருக்கும் நேரம். அவள் நேராகப் போய், எருமைகளில் மூத்தவளான காராயியின் முகத்துக்கு எதிரே நின்றாள். நான்கு நாள் நடந்ததையும் சொன்னாள்; குட்டிகளைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

"பாயவே இல்லையே, ஆத்தா!" என்று ஆள்காட்டி குறுக்கே வந்தது.

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றாள் காராயி. "வேற யாரு பார்த்தது?"

"கல்மேட்டுக்கு வந்தான்" என்றது உடும்பு. "எதுக்குடான்னு கேட்டேன். காத்து வாங்கன்னான். அந்தக் கல்லுல காலு வைக்க முடியாது. காத்தாம்!"

"என் வேலிக்கும் வந்தான்" என்றது முள்ளம்பன்றி. "முயல் எந்தச் சந்துல போச்சுன்னு கேட்டான். ஏதோ விளையாட்டுன்னு நினைச்சு நானும் காட்டிட்டேன்."

ஆமை மெதுவாகத் தலையை நீட்டியது. "நாலு நாளா மதகடியில உட்கார்ந்திருக்கான். தண்ணி குடிக்க மாட்டான். முயல் வந்தாத்தான் எழுந்திருப்பான்."

"இதை ஏன் சொல்லலை?"

"யாரும் கேட்கலையே!"

சடையன் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஆத்தா! நடக்கிறதும் குத்தமா? இவ மேல என் நகம் பட்டுச்சா? பாவம், பச்சைக் குட்டிங்களை வச்சிருக்கா. அதான் புத்தி தடுமாறிப் பேசுறா!"

பொன்னாத்தாள் சட்டென்று திரும்பினாள்.

"எனக்குக் குட்டி இருக்குன்னு யார் சொன்னா? நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே!"

"பால் வாசனை எனக்குத் தெரியாதா!"

"வாசனை தெரியற அளவுக்கு எவ்வளவு கிட்ட வந்தே? நான் எங்கே படுத்திருக்கும்போது வந்தே?"

நரி வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு பின்வாங்கினான். குட்டிகள் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் பின்னால் நடந்தான் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. நீர்க்கோழிகள்கூடச் சிரிக்கவில்லை.

காராயி தண்ணீரிலிருந்து எழுந்தாள். அவள் பின்னால் பதினோரு எருமைகள் எழுந்தன. வாய்க்காலைத் தாண்டும் வரை சடையனைத் துரத்திவிட்டுத்தான் திரும்பின. "இனிமே பின்னால போறதும் பாய்ச்சல் மாதிரிதான். பார்த்தவங்க அன்னைக்கே வந்து சொல்லணும்!" என்று காராயி கட்டுப்பாட்டை மாற்றினாள்.

பொன்னாத்தாள் அதைக் கேட்க நிற்கவில்லை. குட்டிகளிடம் ஓடினாள். ஒரு குட்டி தடுமாறி எழுந்து வந்து மடியைப் பற்றியது. மற்றது எழவில்லை. அவள் அதை மூக்கால் இரண்டு முறை தள்ளிப் பார்த்தாள். பிறகு உயிரோடு இருந்ததற்குப் பால் கொடுத்தாள்.

மறுநாள் ஆள்காட்டி அவளைப் பார்த்ததும் பறந்து வந்தது.

"இனிமே எவனாவது பின்னால வந்தாலே கூவிடுறேன் தங்கச்சி!"

"இனிமே சரி. முந்தாநாள் நான் வந்து சொன்னதுக்கு?"

"அப்ப கட்டுப்பாடு அப்படித்தானே அம்மா இருந்தது!"

ஆள்காட்டி தன் காவல் இடத்துக்கே திரும்பிப் பறந்தது.

மழைக்காலம் வந்து போயிற்று. மிஞ்சிய குட்டி வளர்ந்து, தானே குளத்துக்கு வருகிறது. ஆள்காட்டியும் இப்போது நன்றாகத்தான் கூவுகிறது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் 'அன்றைக்கு நான் செய்தது தப்பு' என்ற ஒரு வார்த்தை இன்றுவரை அதன் வாயிலிருந்து வரவில்லை. இறந்த குட்டிக்கு அந்த வார்த்தை பாக்கி. பொன்னாத்தாள் தினமும் அதன் எதிரே நின்றுதான் தண்ணீர் குடிக்கிறாள்.

பின்தொடர்வது தீங்கின் ஆரம்பம் என்பதால், தொடரப்படுபவர் உடனே நாலு பேரறியச் சொல்ல வேண்டும், கேட்பவர் அடி விழும்வரை காத்திராமல் அன்றைக்கே நம்பிக் குரல் கொடுக்க வேண்டும்.