ஓலையில மட்டும் நடந்த யானை

யாரு திமிர் புடிச்சவ? ஒச்சாயியா? ராஜாவையே எதிர்த்துக் கேட்டா, அதனால தப்பு அவ மேலதான்னு சொல்றீங்க. உத்தரவு போட்டாச்சு, நிலத்தை வித்தாச்சு, வாயை மூடிட்டுப் போயிருக்கணுமாம்! ஏன் போகணும்? பாதிக் கதையைக் கேட்டுட்டு தீர்ப்பு சொல்லாதீங்க. முழுசா கேளுங்க, அப்புறம் சண்டைக்கு வாங்க.

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி பூங்குள நாடுன்னு ஒரு சீமை. அதை விருதகேசரின்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தாரு. நல்லவருதான், புகழ்ந்துக்கிட்டே இருந்தா. புகழறதை நிறுத்தினா காலையில குடுத்த ஊரைச் சாயங்காலம் புடுங்கிக்குவாரு. அப்படி விடாம புகழறதுக்குன்னே சபையில ஒரு அதிகாரி இருந்தான். பேரு சிங்கபூபதி.

அந்த நாட்டுல ஒரு வழக்கம். அரண்மனை உத்தரவுல ஒரு நிலத்தை வித்தா, அரண்மனைப் பெண்யானையை அந்த நிலத்தோட நாலு எல்லையிலயும் நடத்தணும். ஊரே கூடிப் பாக்கும். 'இது என் நிலம்'னு சொல்றவங்க யானைக்கு முன்னாடி வந்து நிக்கலாம். யாரும் வராம யானை சுத்தி முடிச்சாத்தான் விற்பனை செல்லும். இல்லைன்னா அந்த விற்பனை ஓலை அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

அந்த நாட்டுல தனி ஆளா இருந்த ஒச்சாயிக்கு ஆத்தா வழியில வந்த நிலம், நல்ல ஆத்துப் பாய்ச்சல். சிங்கபூபதிக்கு அது மேல ரொம்ப நாளா கண்ணு. அந்த வருஷம் பெரிய ஏரிக்கரை உடைஞ்சுது. வீட்டுக்கு ஒரு ஆள் மண்ணு சுமக்க வரணும்னு ராஜா உத்தரவு. ஒச்சாயியும் கூடையைத் தூக்கிட்டுப் போனா. அவ அங்க இருக்கும்போது சிங்கபூபதியோட ஆள் அவ வீட்டு வாசல்ல வந்து மூணு தடவை பேரைக் கூப்பிட்டான். பதில் வரலை. எப்படி வரும்? ராஜா வேலைக்குத்தானே போயிருக்கா!

"ஊரை விட்டு ஓடிப்போயிட்டா மகாராஜா"ன்னான் சிங்கபூபதி. ஓடிப்போனவங்க நிலம் அரண்மனைக்குத்தானேன்னு விக்கச் சொன்னாரு ராஜா. வித்து முடிச்ச ஓலை வந்ததும் முத்திரையும் குத்திட்டாரு. வாங்கினது யாரு? சிங்கபூபதியோட மச்சான்! வயிறு எரியுதா இல்லையா?

நாப்பது நாள் கழிச்சு ஒச்சாயி திரும்பி வந்தா. நெல்லு முத்தி நிக்குது. வரப்புல மச்சான் ஆள் கம்போட நிக்கிறான். "நாளைக்கு அறுப்பு, நீ யாரு?"ன்னு கேக்குறான். கால்ல ஏரி மண்ணு காயறதுக்கு முன்னாடி நேரா சபைக்குப் போயிட்டா.

"என்னம்மா, ஓடிப்போனவ திரும்பி வந்துட்ட?"ன்னான் சிங்கபூபதி. சபையே சிரிச்சுது.

"ஓடினேன்தான் ஐயா. தலையில மண்ணுக் கூடையோட, குழிக்கும் கரைக்கும் நாப்பது நாள் ஓடினேன்."

ராஜா கையைத் தூக்கினாரு. "நீ எங்க போனியோ, விற்பனை முறைப்படி முடிஞ்சிருச்சு. இப்ப அழுது என்ன பிரயோசனம்?"

"நான் அழ வரலை மகாராஜா. முறைப்படிதான் முடிஞ்சுதான்னு ஐயாகிட்ட நாலு கேள்வி கேக்க வந்தேன். முடிஞ்சிருந்தா என் வீட்டையும் சேத்து எடுத்துக்கட்டும்."

ராஜாவுக்குப் பந்தயம்னா உசுரு. நிமிந்து உக்காந்தாரு. "கேளு!"

"ஐயா, என் நிலத்தைச் சுத்தி யானை நடந்துச்சா?"

"நடக்காம? ஓலையிலயே இருக்கே."

"என்னைக்கு?"

"தைப்பூசத்தன்னிக்கு. சூரியன் உதிச்சதுல இருந்து உச்சி வரைக்கும்."

அந்த நாளை எதுக்கு எழுதினான் தெரியுமா? அன்னைக்கு ஊரே ஏரிக்கரையில இருந்துச்சு. யானை நடந்ததை ஏன் யாரும் பாக்கலைன்னு கேட்டா, எல்லாரும் ஏரியில இருந்தாங்கன்னு சுலபமா சொல்லிக்கலாம் பாருங்க!

"அரண்மனையில பெண்யானை எத்தனை ஐயா?"

"ஒண்ணே ஒண்ணு. அதைத்தான் நடத்தினோம். வாலைப் புடிக்காத குறையா நானே பின்னாடி நடந்தேன்!"

"யானை மேல யாரு இருந்தாங்க?"

"பாகன் மட்டும்தான். வேற யாரு இருப்பாங்க?"

ஒச்சாயி ராஜா பக்கம் திரும்பினா. "மகாராஜா, தைப்பூசத்தன்னிக்குக் காலையில நீங்க எங்க இருந்தீங்க?"

"இது தெரியாதா உனக்கு?" ராஜாவுக்கு மீசை துடிச்சுது. "ஏரி மதகுக்கு முதல் கல்லு வெச்சது யாரு? கல்லுலயே வெட்டி வெச்சிருக்கே! விருதகேசரி மகாராஜா பெண்யானை மேல ஏறி வந்து..."

அப்படியே நின்னுட்டாரு.

"ரெண்டுல ஒண்ணு பொய் மகாராஜா. ஐயாவோட ஓலையா, உங்க கல்லா? நீங்களே சொல்லுங்க."

சிங்கபூபதி குறுக்க விழுந்தான். "மகாராஜா, அது... எல்லா விற்பனை ஓலையிலயும் 'யானை நடந்தது'ன்னு எழுதறதுதான் வழக்கம். ஓலை எழுதறவன் பழசைப் பாத்து அப்படியே..."

"அப்ப இத்தனை வருஷமா வித்த நிலத்துல எதுலதான் ஐயா யானை நடந்துச்சு?"ன்னா ஒச்சாயி.

ராஜாவுக்கு வந்துச்சே கோபம்! நல்லாக் கவனிங்க, ஒருத்தியோட நிலம் போச்சேன்னு வந்த கோபம் இல்ல அது. தன் கல்லைப் பொய்யாக்கப் பாத்தானேன்னு வந்த கோபம். "விற்பனை செல்லாது! நிலம் ஒச்சாயிக்கே! சிங்கபூபதி, யானை நடக்கலைல்ல? நீ நட! ரெண்டு முறத்தைக் காதா கட்டிக்கிட்டு நாலு எல்லையும் சுத்து, ஊரே பாக்கட்டும்!"

முறத்தைக் கட்டி இழுத்துட்டுப் போனாங்க. ராஜாவுக்குச் சிரிப்பு தாங்கலை. "கெட்டிக்காரி! இந்தா பொன்முடிப்பு. சந்தோஷமா போ."

ஒச்சாயி கையை நீட்டலை. இதுக்குத்தான் அவளைத் திமிர் புடிச்சவங்கறீங்க.

"பொன்னு இருக்கட்டும் மகாராஜா. அந்த ஓலையில ஐயா கையெழுத்து மட்டும் இல்ல, உங்க முத்திரையும் இருக்கு. தைப்பூசத்தன்னிக்கு யானை மேல இருந்தது நீங்க. அது உங்களைவிட யாருக்குத் தெரியும்? இதே மாதிரி ஓலையால நிலம் போனவங்க எங்க ஊர்ல மட்டும் பதினேழு குடும்பம். நாளைக்குக் காலையில ஊரு கூடுற மந்தைக்கு வாங்க. அந்த ஓலையெல்லாம் படிச்சுட்டு முத்திரை குத்தினீங்களா, படிக்காமயே குத்தினீங்களா? என் காதோட சொல்ல வேணாம். அத்தனை பேரு முன்னாடியும் நின்னு, சத்தமா, உங்க வாயாலயே பதில் சொல்லுங்க!"