சிம்மாசனத்துத் தூசி

கை அது பாட்டுக்கு இடியாப்ப மாவைச் சலிச்சுக்கிட்டு இருக்கு. கப்பி மேலே நிக்குது, நைசு கீழே இறங்குது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நன்னியப்பன் கதைதான் ஞாபகம் வரும். தெரிஞ்ச மாதிரி சொல்றேன்.

மருதங்கோட்டை ராஜாவுக்கு ஓயாத இருமல். காலையில் துடைச்ச சிம்மாசனம் சாயங்காலத்துக்குள்ள சாம்பல் பூத்துப் போயிடும்.

"எல்லாம் சூளைத்தெருப் புகை மகாராஜா. பானை சுடுற கூட்டத்தை விரட்டினால் இருமலும் போயிடும்" என்றார் தளவாய் வீரபாகு. அந்த இடத்தில் மாந்தோப்பு வைக்க அவருக்கு ரொம்ப நாள் ஆசை.

"நாளைக்கே காலி பண்ணட்டும்" என்றார் ராஜா.

சூளைத்தெருப் பேச்சி அழுதுகிட்டே நன்னியப்பனிடம் ஓடினாள். அரண்மனைச் சபையில் விகடம் பேசுற ஆள் அவன். என்ன பேசினாலும் முகம் மட்டும் சிரிக்காது.

"ஐயா, மழையில விறகு நனைஞ்சு சூளை மூட்டியே ஒரு மாசம் ஆச்சு. அத்தனையும் பச்சைப் பானை. தூக்கினா உடைஞ்சிடும். பொழப்பே போச்சுய்யா."

"பானையைத் தொடாதே. வீட்டுக்குப் போ" என்றான்.

மறுநாள் சல்லடை, மல்துணி, எலுமிச்சம்பழம், ஒரு தட்டு நிறைய சிம்மாசனத்துத் தூசி, எல்லாத்தோடும் சபைக்கு வந்தான்.

"மகாராஜா, யார் தூசியோ அவங்கதானே ஊரை விட்டுப் போகணும்?"

"ஆமாம்."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும். ராஜ வாக்கு."

சல்லடையில் போட்டுத் தட்டினான். மேலே நின்னது காய்ஞ்ச லத்தித் துணுக்கு. "இது யானை போட்டது. சூளைத்தெருவுல யானை கட்டியிருக்காங்களா தளவாயாரே?"



கீழே விழுந்ததை மல்துணியில் சலித்தான். துணியில் வெள்ளைத் தூள் நின்னுச்சு. எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சான். புஸ்ஸுன்னு நுரைச்சுது. "கிளிஞ்சல் தூள். மகாராஜா கட்டுற புது மண்டபத்துச் சுண்ணாம்புக்கு இடிக்கிறது."

துணியையும் தாண்டி இறங்கினது கரேல்னு இருந்துச்சு. கண்ணுக்கே சரியாத் தெரியாத பொடி. தண்ணி தெளிச்சா ஒட்டலை. மோந்து பார்க்கச் சொல்லி நீட்டினான். இலுப்பை எண்ணெய் வாசம்.

"தீவட்டிக் கரி. தினமும் மகாராஜா யானை மேல நகர்வலம் போறப்ப பிடிக்கிறது. பெருசெல்லாம் சிம்மாசனத்தோட நின்னுடும். இந்தப் பொடிதான் நெஞ்சு வரைக்கும் போகும்."



"அப்ப… ஊரை விட்டு நான் போகணுமா?" என்றார் ராஜா.

"பல்லக்கு வாசல்ல நிக்குது. கட்டுச்சோறும் கட்டியாச்சு. முன்பக்கம் தூக்கத் தளவாயாரைப் போட்டிருக்கேன். மெதுவாத்தான் போகணும், தூசி கிளம்பும்."

ராஜா கண்ணை மூடித் திறந்தார். "உத்தரவு ரத்து. நாளையிலிருந்து யானையும் வேணாம், தீவட்டியும் வேணாம். உனக்கு என்ன வேணும், கேள்."

"ஒரு வண்டி காய்ஞ்ச விறகு. பேச்சி சூளை மூட்டணும்."

"அடேய், அப்பப் புகை வருமே!"

"வரும் மகாராஜா. வந்த பிறகு அவங்களைத் தாராளமாத் திட்டலாம்."

ராஜா சிரிச்சார், இருமினார், மறுபடியும் சிரிச்சார். விறகு வண்டியை அப்பவே அனுப்பச் சொல்லிட்டு, கையில கிடந்த கங்கணத்தைக் கழட்டி நன்னியப்பன்கிட்ட கொடுத்தார். இருங்க, அத்தை கூப்பிடுறாங்க, பாப்பா மாவுத் தட்டுல கையை விட்டுட்டாளாம்.