செக்கடித் தெருவை யானை அளந்த கதை

பூவலூர் ராஜாவுக்கு மூக்கு கொஞ்சம் நீளம். கோபம் அதைவிட நீளம். அந்த மூக்கில்தான் செக்கடித் தெருவின் நாற்றம் போய் ஏறிற்று.

செக்கடித் தெருவில் வடக்கு வரிசை முழுக்க எண்ணெய்ச் செக்குக்காரர்கள், தெற்கு வரிசை முழுக்கப் பானை வனைகிறவர்கள். நடுவே ஒரு சாக்கடை. அது அடைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. புண்ணாக்கு அடைத்ததா, களிமண் அடைத்ததா என்று சண்டை வந்து, இரண்டு வரிசையும் பேச்சையே நிறுத்திவிட்டன. சாக்கடை மட்டும் பாரபட்சமில்லாமல் எல்லா வீட்டுக்கும் போய்வந்தது.

பிரதானி மார்த்தாண்டம் சபையில் எழுந்தார். "அறுபது வீட்டையும் இடித்துவிட்டு யானைக் கொட்டாரம் கட்டிவிடலாம், மகாராஜா." கொட்டாரத்துக்கு அதிகாரியாக வரப்போவது தம் மைத்துனன் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ராஜாவைச் சிரிக்க வைப்பதே உத்தியோகமாக இருந்த கொண்டல்நாதன் சும்மா இருப்பானா? "சாக்கடைக்கு ஒன்றுமில்லை, மகாராஜா. நாலு வார்த்தை பேசினால் தீருகிற சங்கதி" என்றான்.

"இவன் பேசினால் தீரும்தான். வாயைத் திறக்காமல் தீர்க்கட்டும் பார்க்கலாம்!" என்றார் பிரதானி.

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "எட்டு நாள் தருகிறேன். அரண்மனை ஆள் ஒருவனும் வரமாட்டான், மண்வெட்டி ஒன்றும் கிடையாது. அந்தத் தெருவில் நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. தோற்றால் முதல் கடப்பாரையை நீயே போடு!"

கொண்டல்நாதன் கும்பிட்டு ஒப்புக்கொண்டான்.

மறுநாள் காலையில் ஒரு கயிற்றோடு செக்கடித் தெருவுக்குப் போனான். வடக்கு வரிசையை அளந்தான். தெற்கு வரிசையை அளந்தான். செக்குக்காரி முத்துவீரம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "என்னத்தைய்யா அளக்கிறே?"

அவன் சிரித்தான். அவ்வளவுதான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?"

அதற்கும் சிரிப்புத்தான். நாக்கு மட்டும் உள்ளே துடியாய்த் துடித்தது.

மூன்றாம் நாள் அரண்மனைக் கிழட்டுப் பெண்யானை கோமளத்தைக் கூட்டிவந்தான். பாகனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, கரும்பைக் காட்டித் தானே நடத்திப் போனான். யானையின் உயரத்தை அளந்தான். அதே கயிற்றை முத்துவீரம்மாள் வீட்டு நிலைப்படியில் வைத்துப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். சுவரில் சுண்ணாம்பால் பெரிதாக ஒரு கோடு போட்டான். பிறகு எதிர்வரிசைக்குப் போய், குயவர் கூத்தபெருமாள் வீட்டிலும் அதே கோடு.

முத்துவீரம்மாள் கோட்டைப் பார்த்தாள், யானையைப் பார்த்தாள். எதிர்வீட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் எதிர்வரிசையிடம் வாய் திறந்தாள். "ஏங்க... உங்க சுவத்துலயும் யானையா?"

"ஆமா தாயி," என்றார் கூத்தபெருமாள். "நாம வெளிய, அது உள்ள போலிருக்கு."

அறுபது வீடும் நடுத்தெருவில் கூடிவிட்டது. முதலில் பழைய சண்டைதான். புண்ணாக்கு! களிமண்! உன் தாத்தா! என் பாட்டன்! கொண்டல்நாதனுக்குத் தாங்கவில்லை. குறுக்கே பேசிவிடுவோமோ என்று பயந்து ஒரு கவுளி வெற்றிலையை அப்படியே வாயில் திணித்துக்கொண்டான். கன்னம் இரண்டும் உப்பிப்போயிற்று.

கத்திக் கத்தித் தொண்டை வறண்டதும் கூத்தபெருமாள்தான் மெதுவாகச் சொன்னார்: "களிமண் எங்களதுதான். இல்லைங்கல."

முத்துவீரம்மாளுக்கு மனசு இளகிவிட்டது. "புண்ணாக்கு மட்டும் வானத்துலேர்ந்தா விழுந்துச்சு? எங்களுதுதான்."

அப்புறம் என்ன! செக்கு மாடுகளைப் பூட்டிச் சேற்றை வடக்கு வரிசை இழுத்துப் போட்டது. தெற்கு வரிசை சூளை மூட்டிச் சுடுமண் குழாய் செய்து பதித்தது. இனிச் சாக்கடையைத் தள்ளிவிட எந்த வீட்டு முறை எந்த நாள் என்பதையும் அவர்களே கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள். கஞ்சி மட்டும் ஒரே அண்டாவில் கொதித்தது.

எட்டாம் நாள் ராஜா வந்தார். மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். எண்ணெய் வாசனையும் ஈரப் பானை வாசனையும்தான் வந்தன.

பிரதானி குதித்தார். "இவன் பேசியிருக்கிறான்! அரண்மனை ஆளும் வந்திருக்கிறான்!"

"இவரா? பாவம், ஊமைன்னு நினைச்சு நாங்க குலதெய்வத்துக்கு நேர்ந்துக்கிட்டோம்" என்றாள் முத்துவீரம்மாள். "வந்தது யானை. பாகன் முனையத் தாண்டலை."

ராஜா ஆச்சரியப்பட்டார். தெருமுனைக்கு வெளியே காலை வைத்த பிறகே கொண்டல்நாதன் வாயைத் திறந்தான். "ஆளைத்தானே கூடாதென்றீர்கள், மகாராஜா? கோமளம் ஆள் இல்லையே!"

"அது கிடக்கட்டும். பேசாமலே எப்படிச் சாதித்தாய்?"

"நான் பேசியிருந்தால் என்னைக் கேட்டிருப்பார்கள். நான் வாயை மூடியதால் ஒருவரை ஒருவர் கேட்டார்கள்."

ராஜா தம் தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். யானைக் கொட்டாரத்தைப் பிரதானியின் மாந்தோப்பில் கட்டச் சொன்னார். பிறகு தாராளமாகத் தெருவைப் பார்த்துக் கையை விரித்தார்: "இனி உங்களுக்கு எந்தக் குறை வந்தாலும் நேரே என்னிடம் வாருங்கள்!"

முத்துவீரம்மாள் கும்பிட்டாள். "வர்றோம் மகாராஜா. மொதல்ல எதிர்வீட்டுல சொல்லிப் பார்க்கிறோம். அங்க ஆகலைன்னா அரண்மனைக்கு வர்றோம்."

ராஜா சிரித்த சிரிப்பில் கோமளம்கூட மிரண்டு இரண்டடி பின்வாங்கியது.