வெளியே போன வெள்ளை நரி

விலங்கும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், ஜப்பான் தேசத்து மலையொன்றின் மேல் ஒரு சின்னக் கோயில் இருந்தது. அங்கே குடியிருந்தது மலைத்தெய்வம். அதற்குக் காவல் யுகி என்ற வெள்ளை நரி.

இலையுதிர் காலம் முடிகிறபோது அந்த நாட்டுத் தெய்வங்களெல்லாம் கடலோரத்தில் கூடிப் பேசப் போய்விடும். தெய்வம் இல்லாத கோயிலுக்கு யார் வருவார்கள்? சருகு விழுந்தாலும் யாரோ வருகிறார்கள் என்று எழுந்து பார்க்கும் யுகி, பிறகு படுத்துக்கொள்ளும்.

அப்படி ஒரு மழைநாளில் மியோரென் என்ற பிக்குணி மலையேறி வந்தாள். முதுகில் துணி சுற்றிய மரப் புத்தர். உடம்பு காய்ச்சலில் கொதித்தது. ஒதுங்க இடம் கேட்டாள். நோயாளிகளை உள்ளே விடாதே, உயிர் கியிர் போனால் கோயிலுக்குத் தீட்டு என்று தெய்வம் கண்டித்துச் சொல்லியிருந்தது. யுகி தயங்கித் தயங்கி நின்றது. கடைசியில் மூக்கால் கதவைத் தள்ளித் திறந்துவிட்டது.

புத்தரை ஒரு மூலையில் வைத்துவிட்டு அவள் படுத்தாள். நடந்துவந்த ஊர்களைப் பற்றியெல்லாம் சொன்னாள். யுகியும் யாரிடமும் சொல்லாததைச் சொன்னது. குளிருக்கு அவளை ஒட்டிப் படுத்தது. ஒருநாள் விடியும்போது அவள் உடம்பு சில்லிட்டிருந்தது.

யுகி தன் கால்களாலேயே குழி பறித்து அவளை மரத்தடியில் அடக்கம் செய்தது.

திரும்பி வந்த தெய்வம் வாசற்படியைத் தாண்டவில்லை. ஏன் சொல்லை மீறினாய் என்று கேட்டது.

"நீங்கள் போனபின் என்னோடு பேச ஒருவருமில்லை சாமி. அவள் பேசினாள்" என்றது யுகி.

தெய்வத்துக்குக் கோபம் வரவில்லை. ஆனால் விதியை மாற்றவும் அதனால் முடியவில்லை.

"இந்தத் தீட்டு யாரோடாவது வெளியேறியாக வேண்டும், யுகி. அந்தப் புத்தரோடு போகட்டும், இல்லை உன்னோடு."

யுகி மரப் புத்தரைப் பார்த்தது. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

"அவர் இங்கேயே இருக்கட்டும். செத்தவர்களையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே" என்று சொல்லிவிட்டு, படியிறங்கி வெளியே போய் உட்கார்ந்தது. பின்னால் கதவு சாத்தப்பட்டது.

அன்று முதல்தான் அந்தக் கோயிலில் தெய்வமும் புத்தரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். வருகிறவர்கள் தெய்வத்தை இருமுறை கைதட்டிக் கும்பிட்டு, புத்தரைச் சத்தமில்லாமல் வணங்குகிறார்கள். நரி மட்டும் மழையிலும் பனியிலும் உட்கார்ந்த இடத்திலேயே கல்லாகிப்போய் வெளியே இருக்கிறது.